புறப்படுகிற மகளுக்கு

நீ வங்கி வேலைக்கு ராஜினாமா கொடுத்துவிட்டாய், மாப்பிள்ளையோடு வடக்கே பணித்தளத்துக்குப் போகப் போகிறாய் என்று உன் அம்மா போனில் சொன்னாள். பாதி ஸ்தோத்திரமும் பாதி அழுகையுமாகத்தான் பேசினாள். "என்னென்ன கொண்டுபோக வேண்டும் என்று பெரியம்மாவிடம் கேளுங்கள்" என்றாயாமே. குஜராத்தின் டாங்ஸ் காட்டில் நர்ஸாக இருந்து தலை நரைத்தவள் நான். பெட்டியில் எதை வைப்பது என்று யார் வேண்டுமானாலும் சொல்லிவிடுவார்கள். நான் எழுதுவது வேறு. நானும் என்னோடு இருந்தவர்களும் தடுக்கி விழுந்து, எழுந்து படித்த பாடங்கள் இவை. எண் போட்டிருப்பது நீ எடுத்துப் பார்க்க வசதியாக இருக்கட்டும் என்றுதான்.

1. அழைப்பைச் சோதித்துப் பார், மகளே. கன்வென்ஷன் கூட்டத்தின் கடைசி இரவில் நீ அழுதுகொண்டே எழுந்து நின்றாய். அந்தக் கண்ணீரை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் பந்தலைப் பிரித்த பிறகு, திங்கட்கிழமை காலையில் பஸ்ஸில் நெரிசலில் நிற்கும்போதும் அந்தப் பாரம் உன்னை விடாமல் இருக்கிறதா? ஐடா ஸ்கடர் அம்மாவின் கதை உனக்குத் தெரியும். 1870இல் ராணிப்பேட்டையில் மிஷனெரி குடும்பத்தில் பிறந்தவர். பெற்றோரின் வழியே வேண்டாம், அமெரிக்காவில் வாழ்ந்துகொள்ளலாம் என்று இருந்தவர். தாய்க்கு உடம்பு சரியில்லை என்று திண்டிவனம் வந்த இடத்தில், ஒரே இரவில் மூன்று பேர் ஒருவர் பின் ஒருவராக வந்து கதவைத் தட்டினார்கள். மூவரின் மனைவியரும் பிரசவ வேதனையில் இருந்தார்கள். ஐடாவின் அப்பா டாக்டர்தான். ஆனாலும் ஆண் டாக்டர் வேண்டாம் என்று மூவரும் திரும்பிப் போய்விட்டார்கள். பொழுது விடிந்தபோது மூன்று பெண்களும் உயிரோடு இல்லை. அன்றைக்குத்தான் ஐடா முடிவெடுத்தார். முடிவெடுத்தவர் அவசரப்பட்டு ஓடவில்லை. அமெரிக்காவுக்குப் போய் வருஷக்கணக்காகப் படித்து, 1899இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கிக்கொண்டு வேலூருக்கு வந்தார். ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய வேலை 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாக வளர்ந்தது. படிக்கச் செலவான வருஷங்களும் கீழ்ப்படிந்த வருஷங்கள்தான். பதறாத காரியம் சிதறாது.

2. வீட்டில் சொல்லிக்கொண்டு போ. எலியா தன் சால்வையை மேலே போட்டதும் எலிசா என்ன செய்தான்? தகப்பனையும் தாயையும் முத்தமிட்டு வருகிறேன் என்றான். பிறகு ஏர்மாட்டை அடித்து, கலப்பை மரத்தையே விறகாக எரித்து, ஊருக்குச் சாப்பாடு போட்டுவிட்டுக் கிளம்பினான். விடைபெறுவது என்றால் அப்படி இருக்க வேண்டும். யாக்கோபும் யோவானும் செபெதேயுவைப் படகில் விட்டுப் போனதை எழுதிய மாற்கு, கூலியாட்களும் அவரோடு இருந்ததை மறக்காமல் எழுதி வைத்திருக்கிறார். கிழவர் தனியாக நிற்கவில்லை. நகைக்கடன், வீட்டுக்கடன் என்று உன் கையெழுத்தில் எது பாக்கி இருந்தாலும் முதலில் அதைத் தீர். தம்பியின் படிப்புக்கு வாக்குக் கொடுத்திருந்தால் அதற்கு வழி செய். அம்மா அழுதால், சாத்தான் அவள் மூலமாகத் தடை செய்கிறான் என்று பேசாதே. அப்படிப் பேசிய பிள்ளைகளையும், அந்தப் பேச்சைச் சாகும்வரை மறக்க முடியாத தாய்மாரையும் எனக்குத் தெரியும். அவள் அழட்டும். பக்கத்தில் உட்கார்ந்து நீயும் அழு.

3. வசதியைப் பகைக்காதே. மின்விசிறியின் கீழே படுப்பது பாவமில்லை. பவுல் சிறைக்குள் இருந்து எழுதிய கடைசிக் கடிதத்தில், துரோவாவில் கார்ப்பு என்பவரிடம் விட்டுவந்த மேலங்கியையும் புஸ்தகங்களையும் எடுத்துவரச் சொல்கிறார். குளிர்காலத்துக்குள் வந்துவிடு என்றும் கேட்டுக்கொள்கிறார். அவ்வளவு அடியும் பட்டினியும் பட்டவருக்கும் குளிருக்கு ஒரு போர்வை தேவைப்பட்டது. ஆகவே கொசுவலை இல்லாமல் படுக்காதே. தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடி. 'விசுவாசம் இருக்கிறது, வலை எதற்கு' என்று இருந்த வாலிபர்களுக்கு மலேரியா வந்து, இரவெல்லாம் நான் பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியில் ஈரத்துணி போட்டிருக்கிறேன். பாடுபடுவதையே குறியாக வைத்துப் போகிறவன், சீக்கிரத்தில் தான் பட்ட பாட்டையே பிரசங்கிக்கத் தொடங்கிவிடுவான்.

4. இதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. சம்பளத்தையும் சொந்த ஊரையும் விடுவதோடு விடுதல் முடிந்துவிடும் என்று நினைக்கிறாய். ரயில் ஏறினால் அது முடிந்துவிடும். அதைவிடப் பெரிய ஒரு சுகம் உன்னோடேயே ரயிலேறி வரும். நான் கொடுக்கிறவள், அவர்கள் வாங்குகிறவர்கள் என்ற சுகம் அது. எனக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது என்ற சுகம். இங்கே நீ நூறு பேரில் ஒருத்தி. அங்கே போனதும் 'பெஹன்' என்று எழுந்து நிற்பார்கள், இருக்கிற ஒரே கட்டிலை உனக்குப் போடுவார்கள். விட வேண்டியது அந்தக் கட்டிலைத்தான்.

நம் வெள்ளாளன்விளையில் ஒரு கிராமப் போதகருக்குப் பிறந்த வி. எஸ். அசரியா ஐயர் இதை உலகத்துக்கே சொன்னார். 1903இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் உருவாக முன்னின்றவர் அவர். 1905இல் தேசிய மிஷனெரி சங்கம் உருவானதிலும் அவர் பங்கு பெரிது. வொய்.எம்.சி.ஏ. செயலராக நாடெங்கும் மதிப்போடு சுற்றிவந்த மனிதர், 1909இல் அதையெல்லாம் விட்டு நிஜாம் சீமையிலிருந்த தோர்ணக்கல்லுக்குப் போனார். மறு வருஷம் எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில், வெள்ளைக்கார மிஷனெரிகள் நிறைந்த சபையில் எழுந்து பேசினார். உங்கள் தியாகங்களுக்கும் உழைப்புக்கும் இந்தியச் சபை நன்றியோடு இருக்கும், ஆனால் எங்களுக்கு நண்பர்களும் வேண்டும் என்பதே அவர் பேச்சின் சாரம். கேட்டவர்களில் பலருக்குக் கோபம் வந்தது. நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இப்போது நாமே கொடுக்கிற இடத்தில் உட்கார்ந்திருக்கிறோம், மகளே. அந்தப் பேச்சு நம் முகத்துக்கு நேரே திரும்பியிருக்கிறது.

டாங்ஸுக்குப் புதிதாக வந்த ஒரு பெண்ணை, நல்ல மழைக்காலத்தில் ஒரு வீட்டுக்குக் கூட்டிப்போனேன். மூங்கில் தட்டியில் சாணி மெழுகிய சுவர், உள்ளே அடுப்புப் புகை. அந்த வீட்டுக்காரி நாக்லி மாவை, நம் கேழ்வரகுதான், இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே தட்டித் தட்டி, மண்ஓட்டில் போட்டு எடுத்தாள். உளுந்துப் பருப்பை ஊற்றி எங்கள் முன் வைத்தாள். மாவுப் பானையின் அடியைச் சுரண்டி எடுத்த சத்தம் எனக்குக் கேட்டது. இந்தப் பெண் சாப்பிட்டு முடித்ததும், மனசு கேட்காமல், பையிலிருந்து ஐம்பது ரூபாயை எடுத்து நீட்டினாள். வீட்டுக்காரி கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். முகம் கறுத்துவிட்டது. நான் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து அதே பெண்ணை அதே வீட்டுக்கு வெறுங்கையோடு அனுப்பினேன். 'நாற்று நடக் கற்றுக்கொடுங்கள் என்று கேள்' என்றேன். மலைச்சரிவில், கொட்டும் மழையில், இவள் நட்ட நாக்லி நாற்றெல்லாம் சாய்ந்தது. பெண்கள் சிரித்துச் சிரித்து அதைப் பிடுங்கித் திரும்ப நட்டுக் காட்டினார்கள். சாயங்காலம் வீட்டுக்காரியே இவள் காலில் கடித்த அட்டையை உப்பு வைத்து எடுத்துவிட்டாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அவளைத்தான் முதலில் கூப்பிட்டார்கள்.

வாங்கக் கற்றுக்கொள். அவர்கள் வீட்டுச் சாப்பாட்டை, யோசனையை, கண்டிப்பை, கேலியைக்கூட வாங்கிக்கொள்.

5. மொழியைப் பிள்ளைகளிடம் படி. 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்கு, பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் அ, ஆ எழுதிப் படித்தார். ஜெர்மனியில் இறையியல் படித்த குருவானவர் அவர். வெட்கப்பட்டிருந்தால் தமிழில் புதிய ஏற்பாடு அச்சேறியிருக்காது. பணித்தளத்தில் இந்தியை வைத்துச் சமாளித்துவிடலாம் என்று உனக்குச் சிலர் சொல்வார்கள். சந்தையில் சமாளிக்கலாம். பிள்ளையைப் பறிகொடுத்தவள் இந்தியில் அழமாட்டாள். அவள் அழுகிற பேச்சு உனக்குப் புரிய வேண்டும். முதல் இரண்டு வருஷம் போதிக்கிற ஆசையை அடக்கிக்கொண்டு காதைத் திறந்து வை.

6. உன் தியாகத்தைப் பிள்ளையின் தலையில் ஏற்றாதே. நீயும் மாப்பிள்ளையும் அழைப்புப் பெற்றீர்கள், பிள்ளையிடம் யாரும் கேட்கவில்லை. மிஷனெரி பிள்ளைகளுக்கென்றே டோனாவூரில் சந்தோஷ வித்யாலயா போன்ற பள்ளிகள் இருப்பது பெரிய ஆறுதல். ஆனாலும் ஹாஸ்டலில் விட்டுவிட்டு வருகிற அன்றைக்கு, கேட்டுக்கு வெளியே வந்து நீ திரும்பிப் பார்க்காமல் இருக்கமாட்டாய். 'ஆண்டவருக்காகப் பொறுத்துக்கொள்' என்று பிள்ளையிடம் சொல்லாதே. அப்படிச் சொன்னால் அது உன்மேல் கோபப்படவும் முடியாது, ஆண்டவர்மேல் கோபப்படவும் பயப்படும். 'எனக்கும் உன்னை விட்டுப் போகக் கஷ்டமாக இருக்கிறது' என்று உள்ளதைச் சொல். வாரம் தவறாமல் கூப்பிட்டுப் பேசு, கையால் கடிதமும் எழுது. லீவுக்குக் கூட்டிவருவேன் என்ற தேதியை எந்த முகாமுக்காகவும் எந்த விசேஷக் கூட்டத்துக்காகவும் மாற்றாதே. மாப்பிள்ளையிடமும் சொல், இரண்டு பேருக்கும் சேர்த்து ஒருவர் மட்டும் கேட்ட அழைப்பு வீட்டுக்குள் நிற்காது. நீ சோர்ந்து போனால் அது விசுவாசக் குறைவு என்று அவர் சொல்லக் கூடாது, அவர் சோர்ந்தால் நீயும் சொல்லக் கூடாது.

7. காணிக்கைப் பணத்துக்குப் பயப்படு. உன்னைத் தாங்கப்போகிறவர்களில் பெரிய பணக்காரர்கள் குறைவு. அடுப்பில் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்து, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கொண்டுவரும் பெண்கள் நம் சேகரங்களில் இன்னும் இருக்கிறார்கள். பீடி சுற்றிய காசிலிருந்து மாசாமாசம் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். பத்து ரூபாய்க்கும் சீட்டு எழுது.

8. ஜெபக் கடிதத்தில் உள்ளதை உள்ளபடி எழுது. பத்துப் பேர் கூட்டத்துக்கு வந்தால் பத்து. ஒருவரும் வரவில்லையென்றால் அதையும் எழுது. ராக்லண்ட் ஐயரை நினைத்துக்கொள். கேம்பிரிட்ஜில் கணிதத்தில் முன்னணி இடம் பிடித்தவர், சென்னையில் சி.எம்.எஸ். செயலராக மேஜைக்கு முன்னால் மரியாதையான வேலை பார்த்தவர். அதை விட்டுவிட்டு, 1854 முதல் வட திருநெல்வேலியின் கரிசல் காட்டில் கூடாரம் போட்டு ஊர் ஊராக நடந்தார். பலவீனமான உடம்பு. 1858இல் சிவகாசியில் இறந்துபோனார். எண்ணிக் காட்டும்படியான அறுவடையை அவர் பார்க்கவில்லை. இருந்தும் அவர் வாழ்க்கையைப் பல வருஷம் கழித்து ஏமி கார்மைக்கேல் அம்மா புஸ்தகமாக எழுதினார். எண்ணிக்கைக்காக அதை எழுதவில்லை. எண்ணிக்கை வேண்டும் என்று உன்னை நெருக்குகிறவர்கள் இருப்பார்கள். அவர்களுக்காகத் தலைகளைக் கூட்டிச் சொல்லாதே.

அதோடு இதையும் சேர்த்துக்கொள்: நீ தருகிற மருந்துக்கும் ஒருவருடைய விசுவாசத்துக்கும் முடிச்சுப் போடாதே. ஜெபத்துக்கு வருகிறவளுக்கும், உன்னைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவளுக்கும் ஒரே வரிசை, ஒரே மருந்து. நீ கொடுப்பதற்காக ஒருத்தி தலையாட்டினாள் என்றால், அவளுடைய மனச்சாட்சியை நீ அவமானப்படுத்திவிட்டாய் என்று அர்த்தம். பயந்து வருகிறவர்களையும் ஆசைப்பட்டு வருகிறவர்களையும் பொறுமையோடு திருப்பி அனுப்பு. இதில் நான் யாரோடும் சமரசம் செய்துகொண்டதில்லை, நீயும் செய்யாதே.

9. திரும்பி வர நேர்ந்தால் வெட்கப்படாதே. எருசலேமில் மாற்குவின் வீடு பெரிய வீடு. சபையே கூடி ஜெபிக்க இடமிருந்தது, கதவு திறக்க ரோதை என்ற வேலைக்காரப் பெண் இருந்தாள். அந்த வீட்டுப் பிள்ளை பவுலோடும் பர்னபாவோடும் கிளம்பி, பெர்கே வரைக்கும் போய்விட்டுத் திரும்பிவிட்டான். ஏன் என்று வேதத்தில் இல்லை. அடுத்த பயணத்துக்கு அவன் வேண்டாம் என்று பவுல் கண்டிப்பாகச் சொல்ல, பர்னபா அவனுக்காகப் பேச, கடைசியில் அந்த இரண்டு பெரியவர்களும் பிரிந்தே போனார்கள். பர்னபா அவனைச் சேர்த்துக்கொண்டு கப்பலேறினார். வருஷங்கள் போயின. மேலங்கி கேட்டு எழுதினாரே, அதே கடிதத்தில்தான் பவுல், மாற்குவைக் கூட்டிக்கொண்டு வா, அவன் எனக்குப் பிரயோஜனமானவன் என்கிற மாதிரி எழுதுகிறார்.

உடம்பு முடியாமல், பிள்ளையின் நோயால், மனம் முறிந்து என்று எத்தனையோ காரணத்தால் பாதியில் ஊர் திரும்பியவர்களை எனக்குத் தெரியும். நம் சபைகள் அவர்களை நடத்துகிற விதம் எனக்கு வலிக்கிறது. அனுப்பும்போது மாலை போடுகிறோம், மேடையில் முழங்கால்படியிட வைத்து ஜெபிக்கிறோம். திரும்பி வந்தால் 'என்ன ஆச்சாம்?' என்று வாசலில் நின்று குசுகுசுக்கிறோம். உனக்கு அப்படி நேர்ந்தால் நேரே என் வீட்டுக்கு வந்துவிடு. காரணம் கேட்கமாட்டேன். உனக்கு நேராமல் இன்னொருத்திக்கு நேர்ந்தால், நீ அவளுக்குப் பர்னபாவாக இரு.

10. ஊழியத்தையும் ஒருநாள் விட வேண்டியிருக்கும். ஏமி அம்மா 1895இல் இந்தியாவுக்கு வந்தார். சொந்த நாட்டுக்கு ஒருமுறைகூடத் திரும்பவில்லை. 1901 முதல் டோனாவூரில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குத் தாயாக ஓடிக்கொண்டே இருந்தவர், 1931இல் கீழே விழுந்தார். அதற்குப் பிறகு 1951இல் இறக்கும்வரை பெரும்பாலும் ஓர் அறைக்குள்தான். ஓடியாடிச் செய்த வேலையெல்லாம் மற்றவர்கள் கைக்குப் போயிற்று. கட்டிலில் இருந்தபடி எழுதினார், பிள்ளைகளைப் பக்கத்தில் அழைத்துப் பேசினார், ஜெபித்தார். நாட்டையும் குடும்பத்தையும் விட்டது கடினமா, ஓடுகிற கால்களை விட்டது கடினமா என்று நான் யோசித்துப் பார்ப்பதுண்டு. என் கால் முட்டி வீங்கி, மலையேற முடியாமல் போன வருஷத்தில் அந்த யோசனை அதிகமாக வந்தது.

நீ இப்போதுதான் கிளம்புகிறாய், இந்தப் பேச்சு சீக்கிரம் என்று தோன்றும். ஆனால் விட்டுக்கொடுக்கத் தொடங்க வேண்டியது போய் இறங்கிய நாளிலேயே. உள்ளூர்ப் பெண் ஒருத்திக்கு மருந்து எடுத்துக்கொடுக்கக் கற்றுக்கொடுத்தால் போதாது. நர்ஸ் படிப்புக்கே அவளை அனுப்பு. அவள் திரும்பி வந்து உன் முறையை மாற்றினால் மாற்றட்டும். கூட்டத்தில் ஜெபிக்க, கணக்குப் பார்க்க, சண்டையைத் தீர்க்க அந்த ஊர்ப் பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பேசும்போது நீ பின்வரிசையில் உட்கார். மருந்து அலமாரிக்கு இரண்டு சாவி செய்யச் சொல். ஒன்று உன்னிடம் இருக்கட்டும். இன்னொன்றை அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் முதல் மாசமே கொடுத்துவிடு. மழை பிடிக்கும் முன்னே போய்ச் சேர்ந்துவிடுங்கள், அதற்குப் பிறகு காட்டு வழியில் சாமான் ஏற்றுவது சிரமம்.